பாட்டி எதனால் செத்தாள்?

காரைக்கால் பக்கத்து ஆட்களுக்கு வம்சாவளி தெரியாது என்று எவனாவது சொன்னால் அவனைச் சுரக்குடிக்குக் கூட்டி வாருங்கள். பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்று பிரெஞ்சில் இருக்கும். சைகோனுக்குக் கப்பலேறிய சின்னத்தாத்தாவின் தொப்பி வைத்த படம் இருக்கும். 1954 நவம்பர் 1 அன்று ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது, அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று யார் எழுதிக் கொடுத்தார்கள், யார் சோம்பலில் கோட்டை விட்டார்கள் என்று தேதிவாரியாகச் சொல்லுவோம். ஒரு நேஷனாலிட்டிக்காக நாலு தலைமுறையைத் தோண்டியெடுத்து, மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, வரிசையில் போய் நிற்கத் தெரிந்த சனம்.

சரி, அந்தப் பெட்டியில் கொள்ளுப்பாட்டி எதனால் செத்தாள் என்று எழுதியிருக்கிறதா?

"வயித்து நோவு."

அவள் மகள்?

"அதுவும் வயித்து நோவுதான். ஆனா அது வேற."

மகளின் மகள்?

"நல்ல நாளும் அதுவுமா ஏன் இதையெல்லாம் கேக்குறே?"

மூன்று தலைமுறைப் பெண்கள் ஐம்பதைச் சரியாகத் தாண்டாமல் வயிறு வீங்கிச் செத்திருக்கிறார்கள். இது துக்கச் செய்தி மட்டுமில்லை, மருத்துவத் தகவல். இதைச் சேகரிக்க ஸ்கேன் வேண்டாம், ரத்தம் வேண்டாம். ஒரு பேனாவும் ஒரு தாளும் கேட்கிற வாயும் போதும். அந்த மூன்றாவதுதான் நம்மிடம் இல்லை.

ஊர் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்தில்தான் திருநள்ளாறு. 2023 டிசம்பர் 20 அன்று சனி பகவான் மகரத்திலிருந்து கும்பத்துக்குப் போனார். லட்சக்கணக்கில் கூட்டம். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் பீடை தொலையும் என்று நம்பி வருகிறவர்களுக்குத் தனிப் பேருந்து, தற்காலிகக் கழிப்பறை, முதலுதவிப் பந்தல் என்று நிர்வாகம் முழுக்க இறங்கி நிற்கும். சனி எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறார் என்று நாழிகைக் கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு கெட்டுப்போன மரபணு எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது, மாப்பிள்ளையாகப் போனது என்பதற்கு மட்டும் பஞ்சாங்கம் கிடையாது.

மாப்பிள்ளையாகவும் போகும். ஆண்கள் காதில் விழாத சேதி இது. பிஆர்சிஏ1 என்ற மரபணு பதினேழாவது குரோமோசோமில் இருக்கிறது. 1994-ல் அடையாளம் கண்டார்கள். டிஎன்ஏ கிழிந்தால் தைத்துக் கொடுப்பது அதன் வேலை. தைக்கிற கையே பழுதாகிவிட்டால், சாதாரணமாக நூறு பெண்களில் ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்கு வாழ்நாளில் வரக்கூடிய சினைப்பைப் புற்றுநோய், நூற்றில் நாற்பது பேர் அளவுக்கு எகிறுகிறது. கூடவே மார்பகப் புற்றும். அந்தப் பழுது தாயிடமிருந்தும் வரும், தகப்பனிடமிருந்தும் வரும். எந்தப் பக்கமானாலும் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பூவா தலையா. ஆனால் நம் பஞ்சாயத்தில் "அவ அம்மா வூட்டு வழியில அந்த நோவு இருக்கு" என்று மட்டும்தான் பேச்சு. அப்பனோடு கூடப்பிறந்த அத்தை அதே நோயில் போய்ச் சேர்ந்திருப்பாள். அவளை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், கல்யாணம் ஆனதும் அவள் வேறு குடும்பமாகிவிட்டாளே! மீசைக்கு வெளியே நோயை வைத்துப் பூட்டிவிட்டதாக நிம்மதி.

அந்த அத்தையையே எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எல்லார் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். வயது நாற்பத்தெட்டு. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துபோகிறது, உப்பசம், அடிக்கடி ஒன்றுக்குப் போகிறது. முதல் மாதம் ஓமத்தண்ணி. இரண்டாம் மாதம் மெடிக்கலில் கேஸ் மாத்திரை. மூன்றாம் மாதம் ஊசி, "அல்சரா இருக்கும், காரத்தைக் குறைங்க." நாலாம் மாதம் வயிறு முன்னுக்குத் தள்ளிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள்: "என்ன அத்தாச்சி, இந்த வயசுல விசேஷமா?" ஐந்தாம் மாதம் ஸ்கேன். உள்ளே நீர் கோத்திருக்கிறது, கட்டி இருக்கிறது. ஏதோ ஒரு நர்சிங் ஹோம், "ஒண்ணும் பயமில்ல, எடுத்துடலாம்" என்கிறது.

அடுத்த காட்சியைப் பார்க்காதவர்கள் டெல்டாவில் குறைவு. ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும். எவர்சில்வர் தட்டில், உள்ளிருந்து எடுத்ததைக் கொண்டுவந்து வெளியே நிற்கும் ஆண்களிடம் காட்டுவார்கள். புருஷன், மச்சான், பெரியப்பா மகன் மூவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார்கள், ஏதோ உலகப் புகழ் நோயியல் வல்லுநர் குழு மாதிரி. "இவ்ளோ பெருசா!" அத்தோடு பரிசோதனை முடிந்தது. பயாப்சிக்கு அனுப்ப வேண்டுமே? அதற்குத் தனியாகச் செலவாகும். "டாக்டரே எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாரு, அப்புறம் எதுக்கு?" அனுப்பினாலும் ரிப்போர்ட்டை வாங்கப் போக ஆளில்லை. சினைப்பைப் புற்றை அறுப்பதற்கென்று தனியாகப் பயின்றவர்கள் இருக்கிறார்கள், எங்கெங்கே பரவியிருக்கிறது என்று வயிறு முழுக்கத் தேடிப் பார்த்துத்தான் நிலை சொல்ல வேண்டும், கட்டி உள்ளேயே உடையாமல் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் எட்டு மாதம் கழித்து, திரும்ப வீங்கிய வயிற்றோடு பெரிய ஆஸ்பத்திரியில் நிற்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வோம். அங்கே அவர்கள் கேட்கிற முதல் காகிதம் அந்த பயாப்சி ரிப்போர்ட்.

சினைப்பைப் புற்று வந்த பெண்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு மரபுவழிக் காரணம் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றாலும் அவர்கள் எல்லாருக்கும் மரபணுப் பரிசோதனையைச் சொல்ல வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட முறை. பழுது தெரிந்தால் அவளுக்கு மருந்து மாறும். அதைவிட முக்கியம், அவள் மகளுக்கும் தங்கைக்கும் முன்கூட்டியே தெரியும். பிஆர்சிஏ1 என்றால் பிள்ளை பெற்று முடித்தபின் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடலாம். இந்த நோய்க்கு முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் நம்பகமான சோதனை எதுவும் இல்லாததால் அதுதான் இருப்பதில் பெரிய காப்பு.

கருக்குழாய் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் அரசாங்கத்துக்கு அந்தக் குழாய் தெரியாத இடமா? சிவப்பு முக்கோணத்தைச் சுவரெல்லாம் தீட்டி, ஜீப்பில் வந்து, இலக்கு வைத்து, பணமும் பாத்திரமும் கொடுத்து, லட்சக்கணக்கான பெண்களின் அடிவயிற்றில் அந்த இரண்டு நூல் குழாய்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டியவர்கள் அல்லவா! ஆண்களிடம் பத்து நிமிட வேலையை ஒப்பேற்ற முடியாமல், சமையற்கட்டிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு போனவர்கள். சினைப்பைப் புற்றில் கொடிய வகை பெரும்பாலும் சினைப்பையிலேயே தொடங்குவதில்லை, அந்தக் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று மருத்துவம் இப்போது சொல்கிறது. பிள்ளையை நிறுத்த அந்தக் குழாய்க்கு வழி தெரிந்த ஜீப், நோயைத் தேட வரும்போது மட்டும் தடம் தவறிவிடுகிறது.

1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் அவர் வீட்டுத் தையற்காரம்மா முகம் வாடி நின்றாள். என்னவென்று கேட்டார். "எங்கள் குடும்பத்தில் எல்லாரும் வயிற்றிலோ குடலிலோ பெண்ணுறுப்பிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்" என்கிற மாதிரி சொன்னாள். அவள் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் போனாள். வார்த்தின் அவள் குடும்பத்தைத் துருவி 1913-ல் எழுதினார். பின்னாளில் ஹென்றி லின்ச் அந்தக் குடும்பத்தையே தொடர்ந்தார். இன்று லின்ச் நோய்க்குறி என்கிறோம். அது இருக்கும் பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்று வரும் வாய்ப்பு, பழுது எந்த மரபணுவில் என்பதைப் பொறுத்து, பாதிக்குப் பாதி வரை போகிறது. இதில் எனக்குப் பொறாமை தையற்காரம்மாவின் அறிவு மேல் இல்லை. அவ்வளவு அறிவுள்ளவர்கள் சுரக்குடியில் தெருவுக்கு நாலு பேர், கூடையும் அரிவாளுமாய் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்ட அந்த மனுஷன் மேல்தான் பொறாமை. நம் ஓபி சீட்டில் "சுகர் இருக்கா, பிபி இருக்கா" என்பதோடு குடும்ப வரலாறு முடிந்துவிடும். அதற்கும் கூட வந்த புருஷன்தான் பதில் சொல்லுவான்.

அரிதான நோய்களில் நாம் ஏற்கெனவே பெயர் வைத்திருப்பதும் ஒன்று உண்டு: முத்துப்பிள்ளை. கருவுக்குப் பதிலாகக் கொத்துக்கொத்தாய் நீர்முத்துகள் வளரும் கர்ப்பம். எவ்வளவு அழகான பெயர்! பெயர் வைத்ததோடு நம் கடமை முடிந்தது. கழுவி எடுத்தபின் வாராவாரம், அப்புறம் மாதாமாதம் ரத்தத்தில் ஹெச்சிஜி ஹார்மோன் அளவைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும், சிலருக்கு அது புற்றாகத் திரும்பும் என்று சொன்னால், "அதான் கழிஞ்சிருச்சே" என்று அனுப்பிவிடுவோம். அதற்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை. இத்தனைக்கும் நுரையீரலுக்குப் பரவியபின்னும் பெரும்பாலும் குணமாகிற அதிசயப் புற்று இது. குணமாக்குகிற மருந்து மெத்தோட்ரெக்ஸேட், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவிடமிருந்து வந்தது. கதர் அணிந்ததற்காக அவருக்கு எம்பிபிஎஸ் தராமல் எல்எம்எஸ் என்ற தாழ்ந்த பட்டம் கொடுத்து அனுப்பியது அந்தக் காலம். அதே மருந்தால் 1956-ல் இந்தப் புற்றைக் குணப்படுத்திய மின் சியூ லீ, கட்டி மறைந்தபின்னும் ஹார்மோன் முழுக்க இறங்கும்வரை மருந்தை நிறுத்த மறுத்ததற்காக அமெரிக்க அரசு ஆய்வகத்து வேலையை இழந்தார். 1972-ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். அவர் எதற்காக வேலையை இழந்தாரோ, அந்த ஹெச்சிஜி சோதனையைத்தான் நாம் பஸ் செலவுக்குப் பயந்து விடுகிறோம்.

பஸ் செலவு சின்ன விஷயமில்லை. சுரக்குடியிலிருந்து கடல் பக்கம் தவிர எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். தலைநகரம் புதுச்சேரியோ நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், நடுவில் முழுக்க அடுத்த மாநிலம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நமக்குக் கிடையாது. நம் குடும்ப அட்டை வேறு நிறம். அத்தையின் வயிற்றில் இருப்பது யூனியன் பிரதேசத்துக் கட்டி, அதைத் தமிழ்நாட்டுத் திட்டத்தில் அறுக்கக் கூடாது. காரைக்கால் குவார்ட்டர் பாட்டில் இடுப்பில் சொருகினால் எல்லையைத் தாண்டிவிடுகிறது, காப்பீடு தாண்டுவதில்லை. காவிரியே கடைமடைக்கு மூச்சு வாங்கி வருகிறது, மரபணு ஆலோசகர் எங்கே வரப்போகிறார்! 1823-ல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசுதான் ஜிப்மர். 2016-லிருந்து காரைக்காலிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், நோய் இருந்தால் கறுப்பு, செத்திருந்தால் குறுக்குக் கோடு என்று வம்சப் படம் போடச் சொல்லித் தருவார்கள். நம் தகரப்பெட்டிக்காரர்கள் வீட்டில் போய்ப் போட்டால் கறுப்பு வட்டம் வரிசைகட்டி நிற்கும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் செத்தாள். அக்காள் அதை வயித்து நோவு என்று மூடி வைக்கவில்லை. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியே கட்டிவிட்டாள். நாம் விடுதலையான அதே வருஷம். எழுபது வருஷமாக நம் வீட்டுத் தங்கைகளுக்கு நாம் கட்டியது திரை.

காரணம் கேட்டால் சம்பந்தம். "டெஸ்ட் எடுத்தா பொண்ணுக்கு எவன் வருவான்?" நகை எத்தனை சவரன், நாள் நட்சத்திரம், செவ்வாய் தோஷம் எல்லாம் கேட்கிற சம்பந்தி வீட்டார் இதைக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். அவர்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு வயித்து நோவு இருக்கிறது என்பதால் அவர்களும் கேட்க மாட்டார்கள். காப்பீட்டுக் கம்பெனிக்காரன் மட்டும் விவரமானவன். பரம்பரை நோய்க்குப் பணமில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தான். அப்படிப் பொத்தாம்பொதுவாக விலக்குவது பாகுபாடு என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மரபணு பரம்பரையாக வரும் என்று முழுசாக நம்பியது நாட்டில் அவன் ஒருவன்தான்.

கடைசியாக ஒன்று. பிரான்சில் ஒரு சட்டம் உண்டு. ஒருவருக்கு இப்படி மரபணுப் பழுது தெரிந்தால், சொந்தக்காரர்களுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர் கடமை. சொல்லக் கூச்சமென்றால் மருத்துவரே கடிதம் எழுதுவார்: யாருக்கு என்ன நோய் என்று சொல்லாமல், உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு செய்தி இருக்கிறது, மரபணு மருத்துவரைப் பாருங்கள் என்று. அங்கே பரிசோதனைக்குக் கைப்பணம் போட வேண்டியதில்லை. அந்தக் கொள்ளுப்பாட்டியின் பேத்திகளில் ஒருத்தி பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள், இன்னொருத்தி சுரக்குடியில் இருக்கிறாள் என்று வையுங்கள். ஒரே பாட்டி, ஒரே எழுத்துப் பிழை, இரண்டு பாஸ்போர்ட்.

கடிதம் வருகிறது. பிரெஞ்சில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர் கண்ணாடியை ஏற்றி, மேலும் கீழும் பார்த்து, "பென்ஷன் சமாச்சாரம் இல்ல. ஏதோ ஆஸ்பத்திரி சமாச்சாரம், ரத்த உறவுன்னு போட்டிருக்கான்" என்கிறார்.

ரத்த உறவு என்ற சொல்லில் மச்சான் முகம் பிரகாசமாகிறது.

"அப்படின்னா இத வச்சு நேஷனாலிட்டி கேக்கலாமா?"