டப், டங், புஸ்

மத்தியானம் மூன்று மணிக்குச் சுட்டதுதான் தப்பு. நாலரைக்குச் சுட்டிருந்தால் பழி தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் மேல் போயிருக்கும்.

'டப்' என்றதுமே கீழ் வீட்டில் நாற்காலி நகர்ந்தது. படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தெருவுக்கே ஹெச்செம் சார்.

"என்ன தம்பி, சிலிண்டர் கிலிண்டர் வெடிச்சுதா?"

"இல்ல சார், பையனோட ஸ்கூல் ப்ராஜெக்ட்."

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவரிடம் மே மாதத்தில் சொல்லக்கூடிய பொய்யா இது? என் பின்னால் பையன் என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தான். சார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். திட்டியிருக்கலாம்.

துப்பாக்கி என்று பெயர்தானே தவிர, அது ஒரு குளிர்பான பாட்டில், ஒரு வால்வு, ஒரு முழ நீளக் குழாய், ஒரு சைக்கிள் பம்பு. குண்டு, திருவிழாக் கடையில் பாக்கெட்டில் விற்கிற 6 மில்லிமீட்டர் மஞ்சள் பிளாஸ்டிக் உருண்டை. முதலில் பி.வி.சி. பைப்பில்தான் காற்றை அடைப்பதாக இருந்தேன். பிளம்பர் தடுத்தார். "தண்ணி பைப்புல காத்தை அடைக்காதீங்க சார். வெடிச்சா கண்ணாடிச் சில்லு மாதிரி பறக்கும்." சோடா பாட்டிலாவது அழுத்தம் தாங்கவென்றே பிறந்தது. அதிலும் இருபது பவுண்டுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று பையன் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் வீட்டுக்காரி பம்பைக் கொடுத்தாள்.

சத்தம் குண்டால் வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குண்டே சத்தம் போட வேண்டுமானால் அது ஒலியை முந்த வேண்டும். ஒலியோ நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிறது. எங்கள் உருண்டை மொட்டை மாடியின் அடுத்த கைப்பிடிச் சுவரைத் தொடுவதற்குள் களைத்துவிடும். உண்மையான குற்றவாளி அதன் பின்னால் வரும் காற்று. குழாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது, வாய் திறந்ததும் ஒரே மூச்சில் வெளியே பாய்கிறது. அதுதான் 'டப்'. குக்கரில் ஆவி அடங்கக் காத்திருந்து மூடியைத் திறக்கிறோமே, அந்தப் பொறுமையைக் காற்றுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும்.

இந்தப் பொறுமையைக் காசாக்கியவர் அமெரிக்காவின் ஹிராம் பெர்சி மாக்சிம். 1909-இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். மோட்டார் வண்டிச் சத்தத்தை அடக்குவதற்கும் அதே வித்தைதான். இவருடைய அப்பாதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். பின்னாளில் அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காமல் போனது. அப்பா கிழித்த காதைப் பிள்ளை பொத்தினார். எங்கள் வீட்டில் பிள்ளை கிழிக்கிறான், அப்பன் பொத்துகிறேன். (எங்கள் தெருப் பையன்கள் புல்லட்டில் இருக்கிற சைலன்சரைக் காசு கொடுத்துக் கழற்றுகிறார்கள். அது வேறு வம்சம்.)

ஒரு காலி ஷாம்பு பாட்டிலைக் குழாய் முனையில் செருகி, உள்ளே தலையணையிலிருந்து உருவிய இலவம் பஞ்சைத் திணித்தேன். திறந்தோம். சத்தம் இல்லை. குண்டும் இல்லை. இரண்டாம் முறை பம்பைக் கொஞ்சம் கூடுதலாக அடித்ததில் பஞ்சு மொத்தமும் கிளம்பி, கொடியில் காய்ந்த ஈரப் புடவையில் போய் ஒட்டிக்கொண்டது. இலவு காத்த கிளிக்குக் கிடைத்ததுதான் எங்களுக்கும் கிடைத்தது. புடவைக்காரி சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிறகு பஞ்சை விட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வளையம் வளையமாக வெட்டி, குண்டு உரசாமல் போக நடுவில் வழி விட்டு அடுக்கினோம். 'டப்' போய் 'ப்' ஆனது. பூனை தும்மியது மாதிரி. பையன் என்னை விஞ்ஞானியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். ரொம்ப நாளாயிற்று அப்படிப் பார்த்து.

அடுத்த நொடி, 'டங்ங்ங்'.

குறியாக வைத்திருந்தது என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தாம்பாளம். இத்தனை நாளும் 'டப்' சத்தத்துக்குள் இது ஒளிந்திருந்திருக்கிறது. தட்டை எடுத்துவிட்டுப் பழைய கம்பளிப் போர்வையைத் தொங்கவிட்டோம். குண்டு அதில் பட்டு, அசடு வழிந்து, சத்தமில்லாமல் கீழே விழுந்தது. பொறுக்குவதும் சுலபம்.

அப்புறம் ஒரு வாரம் சொர்க்கம். மழைத் தூறல் வந்ததால் கூடத்துக்கே கடையை மாற்றிக்கொண்டோம். மூன்று மணிக்குச் சுடுவோம், ஹெச்செம் சார் குறட்டை கீழேயிருந்து கேட்கும். அமெரிக்காவில் 1880-களில் ஒரு காற்றாலைக் கம்பெனி, காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்குக் காற்றுத் துப்பாக்கியை இனாமாகக் கொடுத்ததாம். ஆடித் தள்ளுபடி மாதிரி. கடைசியில் காற்றாலை போய் இனாமே நிலைத்தது; அந்தத் துப்பாக்கியின் பேரான டெய்சிதான் கம்பெனிக்கும் பேரானது. எங்களுக்கும் அப்படி ஒரு எதிர்காலம் இருப்பதாகப் பையன் நம்பத் தொடங்கியிருந்தான்.

எட்டாம் நாள் சாரின் வீட்டம்மா கையில் தூக்குவாளியோடு வந்தார். முகத்தில் அவ்வளவு கவலை.

"தம்பி, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு வீசிங் எவ்வளவு நாளா?"

"வீசிங்கா? எனக்கா?"

"மறைக்காதீங்க. தினம் மூணு மணிக்கு எங்க ரூமுக்கு மேலதான் கேக்குது. புஸ்... புஸ்... புஸ்னு இருபது தடவை இழுக்குது. சாரே சொல்றாரு, பாவம், சின்ன வயசுன்னு. தூதுவளை ரசம் வச்சிருக்கேன், சூடா குடிங்க."

பம்பு சோபாவுக்குப் பின்னால் கிடந்தது. பையன் ஹெல்மெட்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தான். நான் ரசத்தை வாங்கிக் குடித்தேன். மிளகு தூக்கல், நல்ல ரசம். அவர் போனதும் பம்பைக் கழற்றி, காய்ந்து சுருங்கிக் கிடந்த தோல் வாஷருக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன்.

தூக்கைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனபோது, வாசலில் நின்று இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் காலிங் பெல்லை அழுத்தினேன்.