காவலுக்கு வந்த களவாணி

கேள்வி: பைரஸியை ஒழிக்க கம்பெனிகள் எந்த அளவுக்குப் போகும்?

பதில்: காசு கொடுத்தவர் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு! 2005-ல் சோனி பிஎம்ஜியின் சில பாட்டு சிடிக்களை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால், காப்பி எடுப்பதைத் தடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றும் கூடவே குடியேறியது. ஃபைல்களைத் தேடினாலும் கண்ணில் படாது. அந்த மறைவிடத்தில் வைரஸ்களும் வசதியாகப் பதுங்கின. மார்க் ருசினோவிச் என்பவர் தன் கம்ப்யூட்டரை நோண்டப்போய் குட்டு வெளிப்பட்டது. நெட்டில் ஓசியில் பாட்டை இறக்கியவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. கடையில் வரிசையில் நின்று வாங்கிய யோக்கியருக்குத்தான் இந்தப் பிரசாதம். வழக்குகள் பாய்ந்தன, சிடிக்களைத் திரும்பப் பெற்றார்கள். அதைவிட வேடிக்கை, அந்தக் காவல் சாஃப்ட்வேரைப் பிரித்துப் பார்த்தபோது 'லேம்' என்ற ஓப்பன் சோர்ஸ் எம்பி3 சாஃப்ட்வேரின் துண்டுகள் உள்ளே இருந்தன, லைசென்ஸ் நிபந்தனையை மதிக்காமல்!