காணாமற்போன அரை: ஒரு தத்துவ விசாரணை

ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை. பள்ளிப் பிள்ளை ஒப்பும் இதைச் சி மொழி ஒப்பாது. 7/2 என்றால் 3 என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். மீதி அரை எங்கே போயிற்று என்று ஆராயப் புகுந்தது இக்கட்டுரை.

பரபக்கம் முதலில். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே பிறக்கும் என்பது சி மதம். 1957இன் ஃபோர்ட்ரானிலேயே இருந்த வழக்கு. இதன் கொடுமை காய்ச்சல் பார்க்கையில் தெரியும். ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்க 5/9ஐ முதலில் எழுதினால் அது 0. பிறகு எதைப் பெருக்கினாலும் 0. பாலைவனமும் பனிமலையும் பூஜ்யத்தில் ஒன்றாகிவிடும். அத்வைதிகள் மகிழ்வர். முதலில் 5ஆல் பெருக்கு, பிறகு 9ஆல் வகு என்று கெர்னிகன், ரிச்சி இருவரின் சி மொழி நூலின் 1988ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு பரிகாரம் காட்டுகிறது. அதைப் படிக்காமல் நிரல் எழுதுவோர்க்கு நரகம் உண்டா என்பது பற்றி மௌனம்.

பைத்தானும் ஆதியில் இம்மதமே. 2001இல் மோஷே சட்காவும் கைடோ வான் ராசமும் சீர்திருத்தம் முன்மொழிந்தனர். 2008இல் மூன்றாம் பைத்தான் வந்தபோது ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) 3.5, இரட்டைக் கோட்டுக்கு (//) 3 என்று தீர்ந்தது. நிக்லாஸ் விர்த் இந்தச் சண்டைக்கே இடம் வைக்கவில்லை. தம் பாஸ்கல் மொழியில் முழு வகுத்தலுக்கு ‘டிவ்’ என்று தனிச்சொல் கொடுத்துவிட்டார்.

வழக்கு முற்றுவது குறை எண்ணில்தான். -7ஐ 2ஆல் வகுத்தால், 1999 தரப்பாட்டுச் சி பின்னத்தை வெட்டியெறிந்து -3 என்னும். பைத்தானின் இரட்டைக் கோடு கீழே இறங்கி -4 என்னும். ஏழு ரூபாய்க் கடனை இருவர் தலையில் பகிர்ந்தால், சி கடன்பட்டவர் கட்சி, பைத்தான் கொடுத்தவர் கட்சி. காணாமற்போன அரையோ விழுக்காட்டுக் குறியிடம் மீதியாகப் பதுங்கியிருக்கிறது. அங்கும் சியில் -1, பைத்தானில் 1.

அற்றேல், சாதாரண எண்ணெல்லாம் மிதவைப் புள்ளியே என்னும் ஜாவாஸ்கிரிப்டைச் சரணடைவோம் எனின், அதுவும் பொருந்தாது. 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரப்பாட்டின் இரும வடிவங்களில் பின்னங்கள் இரண்டின் அடுக்குகளால் ஆனவை. நம் அரை, கால், அரைக்கால், மாகாணி நான்கும் அங்கே பழுதின்றிக் குடியேறும். பத்தில் ஒன்றாகிய இருமாவுக்கோ முடிவே வராது; 53 பிட்டில் தோராயமாக நிறுத்துவர். ஆகவே 0.1 + 0.2 என்பது 0.30000000000000004. பதினேழாம் தானத்து 4ஐ இடைச்செருகல் என்பாரும் உளர். அன்று, அது மூலபாடமே என்க.