பல்லாவரத்துக் கல்

கேள்வி: கல்லையும் மண்ணையும் தேடியே ஒருவர் வாழ்நாளைக் கழிக்க முடியுமா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இட்டுக்கொள்ளும் ஊர்க்காரர் நீங்கள், மண்ணின் மகிமையை உங்களுக்கு நான் சொல்லவா! ராபர்ட் புரூஸ் ஃபூட் அப்படித்தான் வாழ்ந்தார். இங்கிலாந்தில் பிறந்து, 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். 1863 மே 30, பல்லாவரம். சரளைக் குழியில் கிடந்த ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மனிதக் கை செதுக்கிய கோடரி! அப்போது அவருக்கு வயது 28. செப்டம்பரில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தார்கள். நம் பழம்பெருமையைப் பேச ஆரம்பிப்பவர்கள் அந்தக் கல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பேன்.

கோகாக் பக்கம் காண்டாமிருகப் புதைபடிவம், கர்னூல் குகைகளில் விலங்கெலும்புகள் என்று அலைந்தவர், உங்கள் சீமையையும் விட்டுவைக்கவில்லை. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை 1883இல் எழுதி வெளியிட்டார். 1912இல் மறைந்தார். அவர் சேர்த்த கருவிகள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.