கொண்டக்டர் முறைமை: திருக்கோவில்–கல்முனைப் பாதையை முன்வைத்துச் சுழற்சிக் கட்டளை பற்றி ஓர் ஆராய்ச்சி

கணினிக்குக் கட்டளை எழுதுகிற ஷெல் நிரலில் சுழற்சியை யார் கொண்டுவந்தார் என்று கேட்டால் கணினி வரலாற்றுக்காரர் ஸ்டீவ் போர்ன் பெயரைச் சொல்வார்கள். 1979இல் பெல் ஆய்வுகூடத்து யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த அவருடைய ஷெல்லில்தான் ஃபார், வைல் என்ற சுழற்சிக் கட்டளைகள் இன்றைய கோலத்தில் உட்கார்ந்தன என்பது உண்மையே. ஆனால் திருக்கோவிலில் பஸ் ஏறிக் கல்முனை வரை போய்வந்தவர்கள் இதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியாது. அந்த வித்தை கொண்டக்டருடையது.

ஆய்வுமுறை எளியது. யன்னலோர ஆசனம், ஒரு பொதி கச்சான், மடியில் லப்டொப். கொண்டக்டர் கத்தியதை அப்படியே எழுதிக்கொண்டேன்:

ஃபார் ஊர் இன் தம்பிலுவில் அக்கரைப்பற்று அட்டாளைச்சேனை பாலமுனை ஒலுவில் நிந்தவூர் காரைதீவு சாய்ந்தமருது கல்முனை
டூ
எக்கோ "$ஊர் இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்க"
டன்

(மாறிக்குத் தமிழில் பெயர் வைத்தால் இன்றைய ஷெல்லான பாஷ் ஏற்காது. அது பாஷின் குறை, ஆய்வின் குறையல்ல.)

ஒன்பது ஊர், ஒரே கூவல். 'ஊர்' என்கிற அந்த மாறி வெறும் ஆசனம். ஒவ்வொரு சுற்றிலும் பட்டியலில் அடுத்து நிற்கிற பெயர் அதில் வந்து குந்தும்; டூவுக்கும் டன்னுக்கும் நடுவில் உள்ள வேலை ஒருதடவை நடக்கும்; பிறகு அந்தப் பெயர் எழும்ப அடுத்தது குந்தும். ஒன்பது கூவலைப் பாடமாக்கிய கொண்டக்டரை நான் இதுவரை கண்டதில்லை. புதிதாக நிரல் படிக்கிற பிள்ளைகள்தான் ஒரே வரியை ஒன்பது தரம் எழுதிவிட்டுக் கை வலிக்குது என்கிறார்கள்.

பாலமுனையில் இறங்க ஆளில்லை என்றால் "ரைட், போ!" என்பார். நூலோர் இதைக் கன்டினியூ என்பர்: அந்தச் சுற்றில் மிச்ச வேலையை விட்டு அடுத்த ஊருக்குப் போவது. சிக்கல் பிரேக்கில்தான் வருகிறது. தமிழில் எழுதினால் இரண்டு பிரேக்கும் ஒரே பிரேக். சாரதி பிரேக் போட்டால் ஒரு ஹோல்ட்டில் நிற்கிறோம். ஷெல் பிரேக் போட்டால் பயணமே முடிந்தது. நிந்தவூரில் இறக்கிவிட்டு, மிச்ச மூன்று ஊரும் இல்லை என்றுவிடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பரீட்சை எழுதியவர்கள் மேல் எனக்கு ஆழ்ந்த அனுதாபம் உண்டு.

டன் என்ற சொல்லுக்கும் ஒரு பஸ் கதை இருக்கிறது. போர்ன், அல்கால் 68 என்ற மொழியில் ஊறியவர். அதில் திறந்த சொல்லைத் திருப்பிப் போட்டு மூடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இஃப்பை ஃபி என்றும், கேஸை எஸாக் என்றும் மூடினார். விகடகவிக்குப் பழகிய நமக்கு இது புதினமில்லை. அந்தக் கணக்கில் டூவை 'ஓடி' என்று மூடியிருக்க வேண்டும். ஆனால் கோப்பின் உள்ளடக்கத்தை எட்டடிமான எண்களாகக் கொட்டுகிற ஒரு கட்டளை அந்த இரண்டு எழுத்திலும் 1971 முதலே லேஞ்சி போட்டு இடம் பிடித்திருந்தது. லேஞ்சி கிடந்த ஆசனத்தில் யார் குந்துவது? டன் வந்தது.

இனி இவ்வாய்வின் கசப்பான பகுதி. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் எடுத்த படங்களுக்கு "ஆடி அமாவாசை தீர்த்தம் 12" என்கிற மாதிரிப் பெயர் வைத்து, கோப்புகளின் பெயரைச் சொல்லும் எல்எஸ் கட்டளை தருகிற பட்டியலை ஃபாரிடம் கொடுத்தேன். இடைவெளி கண்ட இடமெல்லாம் ஷெல் வெட்டியது. ஆடி இல்லை, அமாவாசை இல்லை, தீர்த்தம் இல்லை, 12உம் இல்லை என்று திரை நாத்திகம் பேசியது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மருமகன் எட்டிப் பார்த்தான்.

"எல்எஸ் எதுக்கு மாமா? நட்சத்திரக் குறி போதும், எல்லாக் கோப்பும் வரும். மாறிக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுங்க."

போட்டேன், சரிவந்தது. நம் இலக்கணக்காரர் இதை முன்பே கண்டிருக்கிறார்கள் என்பது என் துணிபு. 'திரு கோவில்' என்று விட்டு எழுதினால் ஷெல்லுக்கு அது இரண்டு ஊர். நடுவில் ஒரு க் போட்டு ஒட்டியதால் ஒரே ஊர். வல்லினம் மிகுவது பழந்தமிழரின் மேற்கோள் குறி. (வெறும் கோப்புறையில் நட்சத்திரக் குறி போட்டால், ஒன்றும் அகப்படாமல், நட்சத்திரத்தையே ஒரு கோப்பாக நினைத்து ஒரு சுற்று ஓடும் என்பதை மருமகன் சொல்லவில்லை. நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.)

அன்ட்டில் என்ற இன்னொரு சுழற்சி களவெட்டியில் பிறந்தது. சூடு மிதிக்கிற எருமைகளுக்கு எத்தனை சுற்று என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை. கதிரில் நெல் கழலும்வரை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஷெல் ஒரு கட்டளையை ஓட்டிப் பார்த்து, அது வெற்றியா என்று கேட்கும். வெற்றிக்கு அடையாளம் பூச்சியம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தோடு மல்லுக்கட்டிய எங்களுக்கு, பூச்சியம் எடுத்தால் பாஸ் என்கிற ஒரே இடம் இதுதான்.

கடைசியாக ஒரு கள அவதானம். சுழற்சி முடிந்தாலும் மாறி வெறுமையாகாது. கடைசிப் பெயர் அதிலேயே கிடக்கும். கல்முனை பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் கொண்டக்டர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைக்கார நானா கேட்டார்:

"தம்பி எந்த ஊர்?"

"கல்முனை."

"அது எங்கட ஊர் தம்பி. உங்கட ஊரைக் கேட்டன்."