பயம் அளவா இருக்கணும்

"ரெண்டு கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த பரம்பரைதான் எங்கள் உப்பிலியபுரமும். பிள்ளைக்குப் பயம் வேண்டும் என்பதில் இங்கே கட்சி வேறுபாடு கிடையாது. பயம் இல்லாத பள்ளிக்கூடம் உருப்படாது என்று டீக்கடையிலேயே தீர்ப்பாகிவிடும்.

எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பாப்பா ஒருத்தி. பயத்தில் சென்டம். மஞ்சள் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தால் வாந்தி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றுவலி. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் அம்மா" தொண்டையிலேயே நின்றுவிடும். நியாயமாகப் பார்த்தால் பள்ளிக்கூடங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொத்திக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். படித்த பள்ளி சட்டத்தை மதித்தது. வெளியேற்றவில்லை, "சொந்தக் காரணத்துக்காக டிசி கேட்கிறோம்" என்று அவள் அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டது. சேர்க்கைக்குத் தேர்வு வைத்தால் 25,000 ரூபாய் வரை அபராதம் என்பதால் அடுத்த பள்ளி தேர்வே வைக்கவில்லை. "சும்மா பேசிப் பார்க்கிறோம்" என்றார்கள். பாப்பா பேசவில்லை. சீட் இல்லை. சிறப்புப் பள்ளிக்குப் போனால், "நல்லாத்தானே படிக்குது, இங்க எதுக்கும்மா?"

திருச்சி டாக்டர் பொறுமையானவர். துறையூரில் பஸ் மாறி, இரண்டு பஸ்ஸிலும் வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தவர்களிடம் சொன்னார்: "படிப்படியாப் பழக்குங்க. முதல் வாரம் கேட் வரைக்கும். அப்புறம் அரைமணி நேரம்." அருமையான வைத்தியம். ஆனால் வருகைப் பதிவு ஆப்பில் "கேட் வரை வந்தாள்" என்று பட்டன் இல்லையே!

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது வேண்டும் என்றது. எங்கள் பேரூராட்சியில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர். தங்கமான மனுஷர், தெருவிளக்குப் போட்டுக் கொடுப்பார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் மனநோயும் உண்டு. சலுகைக்கு 40 சதவீதச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னார்கள். வாந்தியை எந்தப் படியில் அளந்து 40 காட்டுவது? "சர்டிபிகேட் வாங்கினா நாளைக்கு யாருடி பொண்ணு கேட்டு வருவா?" என்கிறாள் அத்தை. மாமா வேறு வழி வைத்திருக்கிறார்: குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கினால் பெருமாள் பார்த்துக்கொள்வார். பெருமாள் பார்ப்பார், சரி. வாத்தியார் எப்போது பார்ப்பார்?

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று அந்த அம்மாவிடம் மூன்று அலுவலக அறைகளில் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நடுங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவளிடம் அதைச் சொல்ல எப்படி ஐயா நாக்கு எழுந்தது? மிரட்டினால் படிக்கும் அளவுக்குப் பயம் வேண்டும். மிரண்டு போகும் அளவுக்கு வேண்டாம். இந்தக் கணக்கை ஒன்பது வயதில் போடத் தெரியாதது அவள் குற்றமா?

அடுத்த வருஷ அட்மிஷன் நோட்டீஸ் வந்துவிட்டது. "பயமில்லாக் கல்வி" என்று சிவப்பு எழுத்தில், கொட்டை கொட்டையாக. கொண்டுவந்தது அதே மஞ்சள் வேன். வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். நோட்டீஸை நான்தான் வாங்கினேன். பாப்பாவைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவர மத்தியானம் ஆனது.