விதை கொடுத்த சம்பந்தி

மாடித் தோட்டக்காரர்களில் பல ரகம் உண்டு. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் பைகளையும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளையும் ஆசையாக வாங்கி வந்து, மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர் ஒரு ரகம். முதல் பூவைப் படம் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டு, காய்த்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறவர் இன்னொரு ரகம். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. மூன்றாவது ரகம், விதை கொடுப்பவர். சென்னைப் புறநகரில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து மடித்த பொட்டலங்கள் இருக்கும். மேலே பால்பாயிண்ட் பேனாவில் ‘மூக்குத்தி அவரை’, ‘சிறகு அவரை’, ‘முள்ளுக் கத்தரி’. அடுத்தவர் மதில்மேல் காய்ந்த நெற்று தொங்கினால் இவர் கால் தானாக நின்றுவிடும். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு இடம் பிடிக்க, இவர் மட்டும் சமையற்கட்டில், “முத்தின கத்தரிக்காய் ஒண்ணு இருந்தா ஒதுக்கி வைங்க” என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.

ஆள் சுத்த சைவம். ஆனாலும் மீன் கடையில் வாடிக்கை உண்டு. சாயங்காலம் துணிப்பையைச் சுருட்டிக்கொண்டு போனால், மீன்காரம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டு, “வா சாமி, குடலும் செதிலும் ஒரு கிலோ எடுத்து வெச்சிருக்கேன்” என்று குரல் கொடுப்பார். தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார். அதோடு சம எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம் தயார். பக்குவமாகச் செய்தால் நாற்றமே இருக்காது என்று சத்தியம் செய்வார். அவர் மனைவி மட்டும் அந்த மூன்று வாரமும் மொட்டை மாடியில் துணி காயப்போட மாட்டார்.

விதையை இவர் சும்மா கொடுப்பதில்லை. பெண்ணைக் கொடுப்பதுபோல் கொடுக்கிறார். ஐந்தாம் நாள் போன் வரும்: “முளைச்சாச்சா சார்?” பதினைந்தாம் நாள் ஆளே வந்துவிடுவார். காபி வேண்டாம், நேரே மாடி. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. “எங்க மாடியில இருந்தவரைக்கும் இதுக்கு ஒரு நோவு நொடி கிடையாது சார்” என்பார். நாம் சம்பந்தி வீட்டார் மாதிரி தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான்.

வைத்தியமும் அங்கேயே தொடங்கும். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து அடிக்கச் சொல்வார் இவர். பக்கத்து மாடிக்காரர் எட்டிப் பார்த்து, புளித்த மோர்தான் சரி என்பார். எதிர்வீட்டு அம்மா சாம்பலைத் தூவச் சொல்வார். மூவர் மனமும் நோகக்கூடாதென்று நாம் மூன்றையும் செய்வோம். மாவுப்பூச்சிக்குக் காவல் காத்து, அது சுரக்கும் இனிப்பை நக்கியபடி தண்டில் ஊர்வலம் போகும் எறும்பை மட்டும் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

சுரைக்கொடி கொடுத்திருந்தால் தீர்ந்தது. நாம் நிறைந்த பஸ்ஸில் நிற்கும்போது போன் வரும். “பெண் பூ வந்தாச்சா?” “இல்லை சார், எல்லாம் ஆண்தான்.” பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். “முதல்ல ஆண்தான் வரும், கவலைப்படாதீங்க. பெண் வந்ததும் சொல்லுங்க, ராத்திரியானாலும் நானே வந்து சேர்த்து வைக்கிறேன்.” சொன்னபடி வருவார். பூசணி காலையில் மலரும், சுரை பொழுது சாய்ந்து மலரும் என்பதால், கையில் டார்ச்சோடு வந்து மகரந்தம் தொட்டுவைப்பார். அடுத்தது நுனி கிள்ளும் படலம். தாய்க்கொடியைக் கிள்ளினால் மகள் கொடி, அதையும் கிள்ளினால் பேத்திக் கொடி. பேத்தியில்தான் பெண் பூ அதிகம். இதற்குப் பெயர் த்ரீ ஜி கட்டிங். “ஊரெல்லாம் ஃபைவ் ஜி வந்தாச்சே தாத்தா” என்று அவர் பேரனே கேலி செய்தாலும் கத்திரிக்கோல் ஓயாது.

இவ்வளவு தாராளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தெருவில் ஏழெட்டு மாடியில் ஒரே விதை ஊன்றியிருந்தால், எந்தக் கார்த்திகை மழையும் அதை அடியோடு அழித்துவிட முடியாது. அழிவது பெரும்பாலும் அவர் மாடியில்தான். வருகிறவருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்ததில், தன் பைகளின் அடியில் தண்ணீர் வடியும் துளை அடைத்திருப்பதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

தை பிறந்ததும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார். இந்த முறை காபியை மறுக்க மாட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நான் கொடுத்த சிறகு அவரையில ஒரு நெத்து காயவிட்டிருக்கீங்களா?” என்று மெல்லக் கேட்பார். நாமும் நாலு விதையை எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுப்போம். கேட் வரை வழியனுப்பப் போவோம். அதோடு விடலாம்தான், வாய் சும்மா இருந்தால்தானே?

“தண்ணி ஜாஸ்தி ஊத்திடாதீங்க சார். ஞாயித்துக்கிழமை நானே வந்து ஒரு எட்டு பார்க்கிறேன்.”